விமானி கேளாத ஓசை



2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், புதன்கிழமை. பெருந்தொற்றுக் கால ஊரடங்கில் பெங்களூரு நகரம் அரவமற்றுக் கிடந்தது. எங்களுக்கு அன்று ரமளான் பிறை 26. பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தமையால் வீட்டு முன்னறையிலேயே ளுஹர் தொழுகையை நிறைவேற்றிவிட்டு, நாங்கள் இருவரும் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தோம். பிற்பகல் 1.20 மணி இருக்கும். வானம் கிழிந்ததைப் போன்ற ஒரு முழக்கம் எழுந்தது. சன்னல் கண்ணாடிகள் சட்டங்களுக்குள் நடுங்கின. மொட்டைமாடிப் புறாக்கள் ஒருசேரப் பறந்தன. விளையாடிக்கொண்டிருந்த எங்கள் ஐந்து வயது மகள் ஓடி வந்து, தாயின் தொழுகை உடைக்குள் முகம் புதைத்துக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் அண்டை வீட்டார் அனைவரும் முகக்கவசத்துடன் மாடங்களில் நின்றிருந்தனர். நிலநடுக்கம் என்றார் ஒருவர். எங்கோ கொதிகலன் வெடித்துவிட்டது என்றார் மற்றொருவர். விசாகப்பட்டினத்தில் நச்சுவாயு கசிந்து உயிர்கள் மாண்டு இரண்டு வாரங்கூட ஆகியிருக்கவில்லை. அதே நாளில் வங்கக் கரையை ஆம்பன் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. அச்சப்படக் காரணம் தேட வேண்டிய நாட்களல்ல அவை.

அந்த அச்சத்தோடு நாங்கள் கைப்பேசியை எடுத்தோம். அந்த ரமளான் தொடங்கிய நாள் முதலாகவே ஒரு செய்தி குழுவுக்குக் குழு தாவிக்கொண்டிருந்தது. ரமளானில் ஒரு பேரோசை எழும் என்றும், அதன்பின் குழப்பங்கள் தொடரும் என்றும், வீட்டாருக்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவைச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்றும் அது நபிகளாரின் பெயரால் கூறியது. அன்று வரை நாங்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை. சன்னல் நடுங்கி ஓய்ந்த ஐந்தாம் நிமிடத்தில், "இன்று பெங்களூரில் கேட்டோம்" என்ற ஒரு வரியைச் சேர்த்து, அதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். அந்தச் செய்தி பேசியது மாத நடுவின் வெள்ளி இரவைப் பற்றி. நாங்கள் ஓசை கேட்டதோ பிறை 26இல், புதன்கிழமை நண்பகலில். இந்த வேறுபாடு எங்கள் கண்ணில் படவே இல்லை.

அன்றே விளக்கம் வந்தது. நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை எனக் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் அறிவித்தது. பின்னர்ப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பெங்களூரு மக்கள் தொடர்பு அலுவலகம் உண்மையை வெளியிட்டது. இந்திய விமானப் படையின் சோதனைப் பிரிவைச் சேர்ந்த விமானம் ஒன்று, நகர எல்லைக்கு வெகு தொலைவில், ஒலியை மிஞ்சும் வேகத்தில் வழக்கமான சோதனைப் பறத்தலில் ஈடுபட்டிருந்தது. 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் அது வேகத்தைக் குறைத்தபோது எழுந்த முழக்கமாக இருக்கலாம் என்றும், அத்தகைய ஓசை 65 முதல் 80 கிலோமீட்டர் தொலைவிலிருப்பவருக்கும் கேட்கும் என்றும் அந்த அறிக்கை கூறியது.

அதைப் படித்து, "அல்ஹம்துலில்லாஹ், இவ்வளவுதானா!" என்று பெருமூச்சு விட்டு, நோன்பு திறந்தோம். குடும்பக் குழுவில் மட்டும் அதைப் பகிரவில்லை. இதற்குள் எல்லாரும் அறிந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து, குமரி மாவட்டத்துக் கடலோர ஊரில் தனியே இருந்த உம்மாவிடம் பேசினோம். குரல் தளர்ந்திருந்தது. இரண்டு இரவுகளாக உறங்கவில்லை என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லித் துஆச் செய்துகொண்டே விழித்திருந்தாராம். பின்னர்த் தயங்கித் தயங்கி மற்றொன்றையும் சொன்னார். ஃபித்ராவுக்கென எடுத்து வைத்திருந்த அரிசியை வாங்கிச் செல்ல, தெருக்கோடியில் வாழும் கைம்பெண் ஒருத்தி முந்தைய நாள் வந்திருக்கிறாள். ஊரடங்கில் அவளுக்குப் பீடி சுற்றும் வேலையும் நின்றுபோயிருந்தது. ஓராண்டுக்கான உணவைச் சேமிக்க வேண்டுமே என்ற கலக்கத்தில், "பிறகு வா" என்று சொல்லி உம்மா அவளை வெறுங்கையுடன் அனுப்பிவிட்டார்.

அது பொய்ச் செய்தி என்று நாங்கள் சொன்னபோது, உம்மா கேட்டது இவ்வளவுதான்: "நீங்க அனுப்புனதுதானே மக்களே, பொய்யா இருக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான், எந்த ஓசையைக் கண்டு இவ்வளவும் செய்தோமோ அந்த ஓசை யாது என்று முறையாக அறிய முற்பட்டோம். முன்பே அறிந்திருந்தால் ஒரு பொத்தானை அழுத்தும் முன் ஒரு கணமேனும் நின்றிருப்போம். அறிந்தவற்றை இங்கே பகிர்கிறோம்.

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்தச் சலனம். தரையருகே, 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், அது நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர், அதாவது மணிக்கு 1,225 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. குளிர்ந்த காற்றில் அதன் வேகம் குறையும். 11 கிலோமீட்டர் உயரத்தில், உறைநிலைக்குக் கீழே 56 பாகைக் குளிரில், நொடிக்கு 295 மீட்டர் அளவே இருக்கும். விமானத்தின் வேகத்தை அவ்விடத்து ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணுக்கு, ஆஸ்திரிய அறிஞர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயரால் மாக் எண் என்று பெயர். மாக் 1 என்றால் ஒலியின் வேகம். மாக் 2 என்றால் அதன் இரு மடங்கு.

எங்கள் ஊர்க் கடலில் வள்ளம் போவதைப் பார்த்தவர்களுக்கு மற்றது எளிதில் விளங்கும். நின்றிருக்கும் வள்ளம் அசைந்தால் நீர் வளையங்கள் எல்லாப் பக்கமும் பரவும். வள்ளம் அந்த வளையங்களைவிட விரைந்தால் அவை முன்னே செல்ல இயலாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, இருபுறமும் சரிந்த ஓர் அலையாகப் பின்தொடரும். வள்ளம் கடந்து போன பின்னரே அந்த அலை கரையைத் தொடும். ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்துக்கும் இதுவே நிகழ்கிறது. அது எழுப்பும் அழுத்தச் சலனங்கள் அதற்கு முன்னே ஓட முடியாமல் குவிந்து, கூம்பு வடிவில் ஓர் அதிர்ச்சி அலையாகப் பின்னே இழுபடுகின்றன. அந்தக் கூம்பின் விளிம்பு நம் செவியைக் கடக்கும் கணத்தில் நாம் கேட்பதே 'சோனிக் பூம்' எனப்படும் மீயொலி முழக்கம்.

இதனால்தான் முழக்கத்தைக் கேட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பவர் பெரும்பாலும் எதையும் காண்பதில்லை. விமானம் அதற்குள் பல கிலோமீட்டர் கடந்திருக்கும். நாம் கேட்பது நடந்து முடிந்ததன் ஓசை.

விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் வெடியோசை எழுகிறது என்று நாங்களும் எண்ணியிருந்தோம். அது சரியன்று. அமெரிக்க விமானி சக் யேகர் 1947 அக்டோபர் 14 அன்று மாக் 1.06 வேகத்தை எட்டியது முதல் 'ஒலித்தடையை உடைத்தல்' என்ற சொல் பரவலாகிவிட்டதால் வந்த மயக்கம் இது. விமானம் மீயொலி வேகத்தில் பறக்கும் நேரமெல்லாம் முழக்கம் அதன் பாதை நெடுகிலும் ஒரு கம்பளத்தைப் போல விரிந்துகொண்டே செல்கிறது. அதன் அகலம் ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு மைல். 50,000 அடி உயரத்தில் பறந்தால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்துக்கு வாழும் மக்கள் அனைவரும், தத்தம் முறை வரும்போது, ஒருமுறை திடுக்கிடுவர்.

ஒருவர் மட்டும் அந்த ஓசையைக் கேட்பதில்லை. அவர் அந்த விமானத்தை ஓட்டுபவர். கூம்பு அவருக்குப் பின்னே இழுபட்டுச் செல்வதால், கீழே ஊர்களை உலுக்கும் முழக்கம் அவரை எட்டுவதே இல்லை. கன்கார்டு விமானத்தில் அமர்ந்து உணவருந்திச் சென்ற பயணிகளும் அதைக் கேட்டதில்லை. இதைப் படித்தபோது நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பொத்தானை அழுத்தியபின் நிம்மதியாக நோன்பு திறந்த எங்கள் மாலையும், விழித்திருந்த உம்மாவின் இரவும் நினைவுக்கு வந்தன.

சரி, அந்த முழக்கத்தால் உண்மையில் என்ன கேடு விளையும்? 52,000 அடி உயரத்தில் மாக் 2 வேகத்தில் கன்கார்டு பறந்தபோது, தரையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 93 பாஸ்கல் கூடியது. நம்மைச் சூழ்ந்த காற்றின் இயல்பான அழுத்தம் 1,01,325 பாஸ்கல். அதனோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. மின்தூக்கியில் இரண்டு மூன்று மாடிகள் இறங்கினாலே நம் செவி இதே அளவு மாற்றத்தைச் சந்திக்கிறது. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. மின்தூக்கியில் சில நொடிகளில் நிகழ்வது, இங்கே நொடியின் மிகச் சிறு கூற்றில் நிகழ்ந்துவிடுகிறது. முதலில் விமானத்தின் மூக்கிலிருந்து ஒரு தாக்கு, பின்பு வாலிலிருந்து மற்றொன்று. போர் விமானத்தில் இவ்விரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பதால் பலருக்கு ஒரே முழக்கமாகக் கேட்கும். பெரிய விமானத்தில் 'டம் டம்' என இரண்டாகப் பிரிந்து கேட்கும். உயரப் பறக்கும் விமானத்தின் முழக்கம் கட்டடங்களைச் சாய்ப்பதில்லை. தளர்ந்த கண்ணாடி உடையலாம். பழைய சுவரின் பூச்சு உதிரலாம். விமானம் தாழப் பறந்தால் தாக்கம் பன்மடங்காகும்.

மனித மனத்துக்கு நேரும் பாதிப்பைப் பாஸ்கலில் அளக்க முடிவதில்லை. அமெரிக்கா 1964இல் அதை அளக்க முயன்றது. ஓக்லஹோமா நகரின் மீது பிப்ரவரி முதல் சூலை வரை, நாளொன்றுக்கு எட்டு என்ற கணக்கில், மொத்தம் 1,253 முழக்கங்கள் வேண்டுமென்றே எழுப்பப்பட்டன. முதல் 14 வாரங்களில் நகரின் மிக உயர்ந்த இரண்டு கட்டடங்களில் 147 கண்ணாடிகள் உடைந்தன. இறுதியில் மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இத்தகைய முழக்கங்களோடு தங்களால் வாழ இயலாது என்று 27 விழுக்காட்டினர் கூறினர். ஓசை விமானத்தினுடையது என்று அறிந்திருந்த மக்கள் அவர்கள். அறிந்திருந்தும் நால்வரில் ஒருவருக்கு மேல் தாங்க இயலவில்லை எனில், அறியாதவர் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

1973இல் அமெரிக்கா தன் நிலப்பரப்பின் மீது பயணிகள் விமானங்கள் மீயொலி வேகத்தில் பறப்பதைத் தடை செய்தது. கன்கார்டு 1976 சனவரியில் தன் சேவையைத் தொடங்கிய வழித்தடங்களுள் ஒன்று லண்டனிலிருந்து பஹ்ரைனுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு அது சிங்கப்பூர் வரை நீட்டிக்கப்பட்டபோது, முழக்கத்தைக் காரணம் காட்டி மலேசியா மறுப்புத் தெரிவித்தது. மூன்றே பயணங்களில் சேவை நின்றது. பின்னர் மீண்டும் தொடங்கியும், இந்திய வான்பரப்பில் மீயொலி வேகத்துக்கு இசைவு கிடைக்காமை போன்ற தடைகளால் 1980இல் அது முடிவுக்கு வந்தது. மேலே விரைந்து செல்லும் நூறு பேருக்காகக் கீழே வாழும் இலட்சக்கணக்கானோர் அதிர வேண்டுமா என்ற கேள்விக்குப் பல நாடுகள் 'வேண்டாம்' என்று விடையளித்தன.

அதே அதிர்ச்சியைக் கருவியாகவே பயன்படுத்தியவர்களும் உண்டு. 2005இன் இலையுதிர் காலத்தில் காஸாவின் மீது இஸ்ரேலியப் போர் விமானங்கள் இரவு வேளைகளிலும் தாழப் பறந்து மீண்டும் மீண்டும் முழக்கம் எழுப்பின. காஸாவின் மனநல மருத்துவர்களும் இஸ்ரேலின் மனித உரிமை மருத்துவர்கள் அமைப்பும் ஒன்றிணைந்து, குழந்தைகள் படும் துயரை எடுத்துரைத்து இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2024 ஆகஸ்ட் 6 அன்று பெய்ரூட்டின் மீதும் இவ்வாறே முழக்கங்கள் எழுந்தன. 2020இல் துறைமுக வெடிப்பைக் கண்ட அந்நகர மக்கள் அதன் நான்காம் ஆண்டை நினைவுகூர்ந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன. எங்கள் மகள் ஒரே ஒருமுறை கேட்டு, தாயின் உடைக்குள் ஒளிந்தாள்; அன்று மாலையே காரணம் அறிந்து சிரித்தாள். அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒளிய இடமும் இல்லை. அடுத்த ஓசை குண்டா வெறும் முழக்கமா என்று சொல்வாரும் இல்லை. அவர்களுக்காகக் கையேந்தும்போது இப்போது எங்கள் கண்முன் ஒரு காட்சி இருக்கிறது.

இன்று அறிவியலாளர்கள் இந்த முழக்கத்தைத் தணிக்கும் வழியைத் தேடுகிறார்கள். நாசாவின் எக்ஸ்-59 என்னும் சோதனை விமானம் 2025 அக்டோபர் 28 அன்று முதன்முறையாக வானேறியது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அதில் மூன்றிலொரு பங்கு மெலிந்து நீண்ட மூக்கு. அதிர்ச்சி அலைகள் ஒன்றோடொன்று குவியாமல் தனித்தனியே சிதற வேண்டும் என்பதே அந்த வடிவத்தின் நோக்கம். கார்க் கதவை மூடும் அளவு மெல்லோசையே தரையை எட்ட வேண்டும் என்பது இலக்கு. எங்களைக் கவர்ந்தது அத்திட்டத்தின் அடுத்த படி: ஊர்களின் மீது அதைப் பறக்கவிட்டு, கீழிருப்பவர்களிடம் "உங்களுக்கு என்ன கேட்டது?" என்று வினவப் போகிறார்கள். மேலே பறப்பவருக்கு அது கேட்காது என்பதால் கீழே இறங்கி வந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாங்கள் அனுப்பிய அந்தச் செய்தியையும் தேடிப் பார்த்தோம். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்), இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் 'அல்மவ்ழூஆத்' நூலில் இதைச் சேர்த்திருக்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பொய்யென ஒதுக்கப்பட்ட ஒன்றை, ஐந்தே நிமிடத்தில் நபிகளாரின் பெயரால் நாங்கள் அனுப்பியிருக்கிறோம். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

பேரோசை கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நபிகளாரின் வாழ்வில் வேறொரு செய்தி இருக்கிறது. அது ஸஹீஹான நூல்களில் இருக்கிறது. ஓரிரவு மதீனாவாசிகள் ஏதோ ஓசை கேட்டுத் திடுக்கிட்டு, ஓசை வந்த திசை நோக்கிப் புறப்பட்டனர். எதிரே நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூ தல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம்கூட இல்லாமல், கழுத்தில் வாள் தொங்க, அனைவருக்கும் முன்பே அவர்கள் சென்று பார்த்துவிட்டார்கள். அஞ்ச வேண்டாம் என்று மக்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். முதலில் போய்ப் பார்த்தார்கள். அதன் பின்னரே பேசினார்கள். பேசியதும் அச்சத்தைத் தணிக்கும் சொல்லையே. நாங்கள் இந்த மூன்றையும் தலைகீழாகச் செய்தோம்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் விட்டால் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்து, பின்னர் வருந்த நேரும் என்ற காரணத்தையும் அதுவே கூறுகிறது. பொய்யுரைப்பவனைப் பற்றிய வசனம் என்றே முன்பு அதை ஓதிக் கடந்திருந்தோம். கேட்பவனைப் பற்றிய வசனம் அது என்பதை, தெருக்கோடிப் பெண்ணின் வெறுங்கை எங்களுக்குக் கற்பித்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே, பக்கத்து வீட்டுப் பையனிடம் அரிசியைக் கொடுத்தனுப்பினார் உம்மா. வழக்கமாகக் கொடுப்பதைவிட இருமடங்கு. அவள் வாங்கிக்கொண்டாள், ஏன் தாமதம் என்று கேட்கவில்லையாம். இடைப்பட்ட அந்த ஒரு நாளில் அவள் வீட்டில் நோன்பு எதைக் கொண்டு திறக்கப்பட்டது என்று நாங்களும் இன்றுவரை கேட்டறியவில்லை. கேட்கும் துணிவு வரவில்லை.

குடும்பக் குழுவில் அன்றிரவே எங்கள் தவற்றை எழுதினோம். முதற்செய்தியைப் பலர் தம் நண்பர்களுக்கு அனுப்பியிருந்தனர்; திருத்தத்தை அனுப்பியவர் இருவர் மட்டுமே. அது எங்கெங்கு போய் எவர் உறக்கத்தைக் கலைத்ததோ, அல்லாஹ்வே அறிவான். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எதையேனும் பகிர எண்ணினால், ஒருவர் மற்றவரிடம் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், படித்தபின், "உம்மாவுக்கு இது கேட்டால்?" என்று வினவ வேண்டும். பல செய்திகள் அந்த வினாவிலேயே நின்றுவிடுகின்றன.

அன்புச் சகோதரர்களே, நம் நாவும் விரலும் எழுப்பும் ஓசை நமக்குக் கேட்பதில்லை. கேட்பவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். அவர்களை அச்சுறுத்தாமல் ஆறுதல்படுத்தும் சொல்லை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக. இரவுதோறும் வானத்து முழக்கத்தில் விழித்தெழும் குழந்தைகளுக்கு அவன் அமைதியான உறக்கத்தை அருள்வானாக. ஆமீன்.